தூக்குத் தண்டனை ஏன் வேண்டாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்குத் தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று பேசப் போகும் இடமெல்லாம், கல்லூரியோ தொழிற்சங்கக் கூட்டமோ டீக்கடையோ, ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

இந்தியாவுல இன்னும் தூக்குல போடுறாங்களா? எப்பவோ நிறுத்திட்டாங்கன்னுல்ல நினைச்சேன்?

நிறுத்தவில்லை. கடைசியாக 2020 மார்ச் 20 அதிகாலை 5.30 மணிக்கு டெல்லி திகார் சிறையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு முன் 2004இல் கொல்கத்தாவில் தனஞ்சய் சாட்டர்ஜி, 2012இல் புணேயில் கசாப், 2013இல் டெல்லியில் அப்சல் குரு, 2015இல் நாக்பூரில் யாகூப் மேமன். இந்த நூற்றாண்டில் மொத்தம் எட்டுப் பேர். தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கருக்கு.

‘எட்டுப் பேர்தானே’ என்று சிலர் சொல்வதுண்டு. தண்டனை பெற்றுக் காத்திருப்பவர்களின் கணக்கைப் பாருங்கள். 2023 முடிவில் 561 பேர். அந்த ஓராண்டில் மட்டும் கீழ்க் கோர்ட்டுகள் 120 தூக்குத் தண்டனைகள் விதித்தன. இது டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ‘ப்ராஜெக்ட் 39ஏ’ குழு ஆண்டுதோறும் எடுத்துவந்த கணக்கு. இந்த 561 பேரில் பெரும்பாலோர் ஒருநாளும் தூக்குமேடைக்குப் போக மாட்டார்கள். ஆனால் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நமக்குத்தானோ என்று நினைத்தபடி பத்து, பதினைந்து வருஷம் இருப்பார்கள். அதுவும் இந்தத் தண்டனையின் ஒரு பகுதிதான்.

எந்தெந்தக் குற்றத்துக்குத் தூக்கு உண்டு? யாருக்குக் கொடுக்கவே கூடாது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்கு அதில் 103ஆம் பிரிவு. ஆயுள் அல்லது தூக்கு. கும்பலாகச் சேர்ந்து சாதி, மதம், மொழி போன்ற காரணத்துக்காகச் செய்யும் கொலை, உயிர்ப்பலி ஏற்படுத்திய பயங்கரவாதச் செயல், உயிர்ப்பலி ஏற்படுத்திய திட்டமிட்ட குற்றம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணைக் கூட்டாக வன்புணர்தல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. புதுச் சட்டம் வந்ததால் பட்டியல் குறையவில்லை, நீண்டிருக்கிறது.

குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவருக்குத் தூக்கு கிடையாது. கர்ப்பிணியாக இருந்தால் ஐகோர்ட் அதை ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும். தண்டனைக்குப் பிறகு கடும் மனநோய் வந்தாலும் அது தண்டனையைக் குறைக்கத் தகுந்த காரணம் என்று சுப்ரீம் கோர்ட் 2019இல் சொன்னது. ‘இந்தக் குற்றத்துக்குத் தூக்கு மட்டும்தான்’ என்று ஜட்ஜின் கையைக் கட்டிப்போடும் சட்டமும் செல்லாது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்றிருந்த பழைய 303ஆம் பிரிவு 1983இல் ரத்தானது.

‘அரிதினும் அரிதான வழக்கு’ன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், தூக்குத் தண்டனை அரசியல் சட்டப்படி செல்லும் என்றது. கூடவே ஒரு வேலியும் போட்டது: ஆயுள்தான் வழக்கமான தண்டனை, வேறு வழியே கிடையாது என்று ஐயமில்லாமல் தெரியும் அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். வயது, வறுமை, மனநிலை, திருந்த வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் தராசில் ஏற வேண்டும். திருந்த மாட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது.

அந்த அமர்வில் மாறுபட்ட ஒரே நீதிபதி பி.என். பகவதி. யாருக்குத் தூக்கு என்பது எந்த ஜட்ஜிடம் வழக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே அமையும் என்று அவர் எச்சரித்தார். 1983இல் மச்சி சிங் தீர்ப்பு ‘சமூகத்தின் மனசாட்சி’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்ததும் வேலி தளர்ந்தது. தண்டனை ஜட்ஜைப் பொறுத்ததாகிவிட்டது என்று 2012இல் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது.

இதைவிடக் கசப்பான உதாரணம் ஹர்பன்ஸ் சிங் வழக்கு. ஒரே குற்றம், மூன்று பேர், மூவருக்கும் தூக்கு. மூவரும் தனித்தனியாக சுப்ரீம் கோர்ட் போனார்கள். காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஜீதா சிங் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அதன் பிறகுதான் மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங்கின் மனுவில் இந்த வேறுபாடு வெளியே தெரிந்தது. அவருக்கும் தண்டனையைக் குறைக்க கோர்ட் பரிந்துரைத்தது. ஜீதா சிங்குக்கு அது எட்டவில்லை.

செஷன்ஸ் கோர்ட்ல தூக்குன்னு சொல்லிட்டா அடுத்து என்னென்ன நடக்கும்?

செஷன்ஸ் கோர்ட் விதித்த தூக்கை ஐகோர்ட் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. வழக்குக் கட்டு தானாகவே ஐகோர்ட்டுக்குப் போகும். இரண்டு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டும். ‘தானாகப் போகிறதே’ என்று அப்பீல் போடாமல் இருந்துவிடக் கூடாது. 30 நாளுக்குள் தனியாக அப்பீலும் போட வேண்டும். அடுத்து சுப்ரீம் கோர்ட். கீழே விடுதலையானவரை ஐகோர்ட் குற்றவாளியாக்கித் தூக்கு விதித்திருந்தால், சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் செய்வது அவருடைய உரிமை. மற்றவர்கள் அனுமதி கேட்க வேண்டும். அங்கேயும் தோற்றால் சீராய்வு மனு, அதாவது தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி அதே சுப்ரீம் கோர்ட்டில் போடுவது. முன்பெல்லாம் நீதிபதிகள் அறைக்குள்ளேயே காகிதத்தைப் பார்த்துத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். 2014 செப்டம்பர் முதல் தூக்கு வழக்கின் சீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் கேட்க வேண்டும், அரை மணி நேரம்வரை வாதாட இடம் தர வேண்டும். தர்மபுரி பஸ் எரிப்பு வழக்கில் 2010இல் உறுதியான மூன்று தூக்குகள் 2016இல் ஆயுளானது சீராய்வில்தான். அதற்கும் பிறகு க்யூரேட்டிவ் மனு (சீராய்வும் தோற்றபின் சுப்ரீம் கோர்ட்டிலேயே போடும் கடைசி மனு), கருணை மனு.

எல்லாம் கெட்டுப்போகும் இடம் இந்த ஏணியின் முதல் படி. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் காலையில் தீர்ப்பு, மதியம் தண்டனை. கூண்டில் நிற்பவரிடம் ‘ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று கேட்பார்கள். ‘வயசான அம்மா இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கு’ என்பார். அந்த இரண்டு வரிதான் ரிக்கார்டில் ஏறும். அவருக்குச் சிறுவயதில் தலையில் அடிபட்டதோ, எட்டு வயதில் செங்கல் சூளைக்குப் போனதோ எங்கேயும் பதிவாகாது. மேல் கோர்ட்டுகள் பார்ப்பது அந்தக் கட்டைத்தான்.

2022 மே மாதம் மனோஜ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கு வழிகாட்டுதல் வகுத்தது. மனநல மதிப்பீடு, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, சிறையில் நடத்தை பற்றிய அறிக்கை ஆகியவற்றைத் திரட்டிப் பார்த்த பிறகே தண்டனை. அந்த வழிகாட்டுதல் பின்பற்றப்படாத பழைய வழக்குகளில் தண்டனையை மட்டும் மறுபடி பரிசீலிக்கக் கேட்கலாம் என்று 2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்த வழக்கு எதுவாயினும், வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்: ‘மனோஜ் அறிக்கைகள் வாங்கியாச்சா?’

இத்தனை கோர்ட் பார்க்குதே, நிரபராதி எப்படிங்க மாட்டுவான்?

மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த ஒரு கொடூரக் குற்றத்துக்கு நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர் பிடிபட்டார்கள். செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. ஐகோர்ட் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் சுப்ரீம் கோர்ட் அந்த மூவருக்கும் மறுபடி தூக்கை ஏற்றி ஆறாக்கியது. பத்து வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், அதே சுப்ரீம் கோர்ட் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய ஆல்பத்தில் வேறு நான்கு பேரின் படத்தைத் தொட்டு அடையாளம் காட்டியிருந்தார். அந்த வாக்குமூலம் மறைக்கப்பட்டது. அந்த நால்வரை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. சிறையில் போனது 16 வருஷம்.

வயதில் தப்பு நடப்பதும் உண்டு. 1994 புணே கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவருக்கு, குற்றம் நடந்தபோது வயது பன்னிரண்டரைதான் என்று 2023இல் பள்ளிப் பதிவேடு கொண்டு நிரூபணமாயிற்று. அதற்குள் 28 ஆண்டுக்கு மேல் உள்ளே. சட்டத்தைத் தப்பாகப் படித்துத் தூக்கிலிட்டதும் நடந்திருக்கிறது. குற்றத்தை மட்டும் பார், குற்றவாளியைப் பார்க்காதே என்ற ராவ்ஜி வழக்கின் அணுகுமுறை பச்சன் சிங் தீர்ப்புக்கு முரண் என்று 2009இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ராவ்ஜி 1996இலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார்.

மொத்தக் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2000 முதல் 2015 வரை கீழ்க் கோர்ட்டுகள் விதித்த தூக்குகளை ஆராய்ந்ததில், மேலே உறுதியானவை 4.9 விழுக்காடு. தண்டனை குறைந்தவை 65.3. முழு விடுதலை 29.8. நூறு பேருக்குத் தூக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டால் முப்பது பேர் வீட்டுக்குப் போகிறார்கள். இப்படித் தவறு செய்யும் ஒரு ஏற்பாட்டிடம் திருத்த முடியாத தண்டனையை ஒப்படைக்கலாமா என்பதுதான் எங்கள் வாதத்தின் அடிநாதம். குற்றவாளிகள் எல்லாம் நல்லவர்கள் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

தூக்கு இல்லைன்னா பயம் விட்டுப் போயிடாதா?

தூக்கு இருப்பதால் கொலை குறைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எங்கும் கிடைத்ததில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் முப்பதாண்டு ஆய்வுகளை அலசிவிட்டு, இவற்றை வைத்துச் சட்டம் இயற்ற முடியாது என்று 2012இல் சொல்லிவிட்டது. நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் தூக்கை நீக்கியது; இந்தியாவோடு இணைந்த பின் அது திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945–50இல் 962 கொலைகள், தூக்கு திரும்பிய 1950–55இல் 967. இந்தியா முழுவதும் 1992இல் லட்சம் பேருக்கு 4.6ஆக இருந்த கொலை விகிதம் 2013இல் 2.7ஆக இறங்கியது. தூக்குகள் அரிதாகிக்கொண்டே வந்த காலம் அது.

கொலைகள் பெரும்பாலும் ஆத்திரத்தில், போதையில், அல்லது மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியத்தில் நடப்பவை. இவர்களில் யாரும் சட்டப் பிரிவைப் புரட்டிப் பார்ப்பதில்லை. விசாரணை முடியும் கொலை வழக்குகளில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் குற்றம் நிரூபணமாகிறது. பயம் வர வேண்டுமென்றால் நல்ல புலனாய்வு, தடயவியல், சாட்சிப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். அரசுக்கு அது செலவு. தூக்கு என்று அறிவிப்பது சுலபம்.

ஆயுள்னா 14 வருஷத்துல வெளிய வந்துடுவானே?

தப்பான நம்பிக்கை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முடியும்வரை. 14 வருஷம் என்பது, அதற்கு முன் முன்விடுதலை பற்றி அரசு யோசிக்கவே கூடாது என்ற குறைந்தபட்சம். அது முடிந்தால் விண்ணப்பிக்கலாம். விடுதலை செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

போதாதென்று 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழி திறந்தது: 25 ஆண்டு, 30 ஆண்டு அல்லது சாகும்வரை தண்டனைக் குறைப்பே கிடையாது என்று சொல்லி ஆயுள் விதிக்கலாம். ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் மட்டுமே இந்த அதிகாரம் என்று 2015இல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. வெளியே விட்டால் ஆபத்து என்ற கவலைக்கு இது போதுமான பதில். சாகும்வரை நம்பிக்கையே இல்லாமல் அடைத்துவைப்பதும் கொடுமைதான் என்று நினைப்பவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் தப்புத் தெரிந்தால் அந்தக் கதவைத் திறக்கலாம்.

நம்ம வரிப்பணத்துல ஏன் சோறு போடணும்?

தூக்குக் கைதிக்கும் பதினைந்து வருஷம் சோறு போட்டுத்தான் வருகிறோம். மேலே சொன்ன ஏணியின் ஒவ்வொரு படிக்கும் நீதிபதிகள், அரசு வக்கீல்கள், தனிக் காவல் என்று செலவு கூடுதல்.

குழந்தையை நாசம் பண்ணவனுக்குமா? உங்க வீட்டுப் பிள்ளைக்கு நடந்தா இப்படிப் பேசுவீங்களா?

எங்கள் பிள்ளைக்கு நடந்தால் எங்களுக்கும் அவனைக் கொல்லத்தான் தோன்றும். அந்தத் தாய் தகப்பனின் ஆத்திரத்தில் தப்பே இல்லை. அந்த நிலையில் இருப்பவரைத் தண்டனை எழுதச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் கோர்ட் என்று ஒன்று இருக்கிறது.

12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வன்புணர்ந்தால் தூக்கு என்று 2018இல் சட்டம் வந்தது. குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் அப்போதே ஏன் எதிர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். குற்றம் செய்பவர் பெரும்பாலும் வெளியாள் அல்ல. சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வேன் டிரைவர். ‘நீ சொன்னா மாமாவைத் தூக்குல போட்டுருவாங்க’ என்று வீட்டிலேயே குழந்தையின் வாயை அடைப்பார்கள். புகாரே வராது. இன்னொன்று, வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால் ஒரே சாட்சியான குழந்தையை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவும் 2013 ஜனவரி அறிக்கையில் வன்புணர்வுக்குத் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவது வேறு: மருத்துவச் செலவு, மனநல ஆலோசனை, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் இழப்பீடு உண்டு. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். இது தெரியாமலே போகிற குடும்பங்கள் ஏராளம். தூக்குக்காகக் காத்திருப்பவர்களோ ஒவ்வொரு மனுவுக்கும் டிவி மைக் முன்னால் அந்த நாளை மறுபடி வாழ வேண்டியிருக்கிறது. எல்லாரும் தூக்குக் கேட்பதும் இல்லை. 1999இல் ஒடிசாவில் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார்.

ஏழைக்குத்தான் தூக்குன்னு சொல்றீங்க. ஆதாரம் இருக்கா?

இருக்கிறது. 2016இல் வெளியான ‘இந்திய மரண தண்டனை அறிக்கை’க்காகத் தூக்குக் கைதிகளை நேரில் சந்தித்தார்கள். பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் 74.1 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மதச் சிறுபான்மையினர் சேர்ந்து 76 விழுக்காடு.

காரணம் ஜட்ஜின் வன்மம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் படியில் கெட்டுப்போகிறது என்று மேலே சொன்னோமே, அதுதான் காரணம். காசு இருப்பவர் முதல் நாளே நல்ல வக்கீல் வைப்பார். குறுக்கு விசாரணை ஒழுங்காக நடக்கும். இல்லாதவருக்கு அரசு நியமிக்கும் வக்கீல் சில சமயம் கோர்ட் குற்றச்சாட்டைப் பதிவுசெய்யும் அன்றைக்கே வழக்குக் கட்டை முதன்முதலாகப் பார்ப்பார். தூக்கோ ஆயுளோ வரக்கூடிய வழக்கில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்று 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஏழு நாள் என்பதே ஒரு சாதனையாக இருக்கிறது என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்?

சரி, தீவிரவாதிக்கு மட்டுமாவது வெச்சுக்கலாமே? சட்ட ஆணையமே அப்படித்தானே சொல்லுச்சு?

ஆமாம். நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் தந்த 262ஆவது அறிக்கை, பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிரான போரும் நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் தூக்கை ஒழிக்கச் சொன்னது. அந்த விதிவிலக்கில்தான் நாங்கள் மாறுபடுகிறோம். பிழை அதிகம் நேரும் இடமே அதுதான்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வழக்கில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அந்தக் காலத்துப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்.பி. பதிவுசெய்தாலே சாட்சியம். ஐகோர்ட் என்ற படியும் கிடையாது, நேரே சுப்ரீம் கோர்ட். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நான்கு பேருக்கு மட்டுமே உறுதிசெய்து, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பேரறிவாளன் மீதிருந்த முக்கியக் குற்றச்சாட்டு, 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது. எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் ஓய்வுபெற்ற பிறகு 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வரி விடுபட்டதற்கும் தூக்குக் கயிற்றுக்கும் இருந்த தூரம் அவ்வளவுதான். 2011 செப்டம்பர் 9க்கு நாள் குறித்திருந்தார்கள். அன்று நடந்திருந்தால் 2022 மே 18 விடுதலை யாருக்கு?

அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கும் இப்படித்தான். தடாவைப் போன்ற இன்னொரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும், அவர்களில் மூவர் தூக்குக் கைதிகள், 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது.

வள்ளுவரே ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’னு பாடியிருக்காரே?

550ஆவது குறள், கொடியவரை அரசன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்கிறது. கொலையால் தண்டிப்பது என்றே பரிமேலழகர் உரை சொல்கிறது. கொலையில் கொடியவரைத் தண்டிப்பது என்று மட்டும் பொருள் கொண்டவர்களும் உண்டு. நமக்கு வசதியான உரையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது முறையல்ல. முடியாட்சிக் காலத்து நூல் தூக்கை ஏற்றது என்றே வைத்துக்கொள்வோம். அதே வள்ளுவர் 561இல் தண்டனைக்கு வரையறை தருகிறார்: ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.’ முதலில் நாடு, அதாவது நடுநிலையோடு ஆராய். பிறகு மறுபடி செய்யாதபடி தண்டி. முப்பது விழுக்காடு விடுதலையாகும் ஏற்பாட்டை ‘தக்காங்கு நாடுதல்’ என்று எப்படிச் சொல்வது?

நம் அரசியல் சட்டத்தை எழுதியவரின் கருத்தும் தெரிந்திருக்கட்டும். 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனையையே ஒழிப்பதைத்தான் தான் ஆதரிப்பேன் என்று அம்பேத்கர் பேசினார்.

கருணை மனு யார் போடணும்? அதுல என்ன எழுதணும்?

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவுப்படி கைதியோ, அவர் வாரிசோ, உறவினரோ போட வேண்டும். மேல் கோர்ட்டில் தள்ளுபடியான தகவலைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள். முதலில் கவர்னருக்கு, அவர் மறுத்தால் 60 நாளுக்குள் ஜனாதிபதிக்கு. அமைப்புகள் கடிதம் எழுதலாம், சட்டப்படியான மனு அதுவாகாது. அதனால் குடும்பத்தோடு தொடர்பு அறுந்துபோன கைதிகள்தான் இப்போது பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். கவர்னரும் ஜனாதிபதியும் தன்னிச்சையாக அல்ல, அமைச்சரவை ஆலோசனைப்படி முடிவெடுப்பவர்கள். ஆகவே மனுவின் நகல் மாநில உள்துறைக்கும் போக வேண்டும்.

‘மன்னித்துவிடுங்கள்’ என்று இரண்டு பக்கம் அழுதால் போதாது. மத்திய உள்துறை எவற்றைப் பார்க்கும் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. வயது, பாலினம், மனக் குறைபாடு. சாட்சியத்தில் சந்தேகம் இருப்பதாக எந்த நீதிபதியாவது சொல்லியிருக்கிறாரா? புதிய ஆதாரம் உண்டா? ஐகோர்ட்டில் விடுதலை ரத்தாகியோ தண்டனை கூடியோ தூக்கு வந்ததா? நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்ததா? கும்பல் கொலையில் இவர் பங்கு என்ன? விசாரணை எவ்வளவு இழுத்தது? ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்புப் போட்டு, தீர்ப்பின் பத்தி எண்ணோடு எழுதுங்கள். மருத்துவச் சீட்டு, பள்ளிச் சான்று, சிறையில் படித்த சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். தாமதத்தை நிரூபிக்க அந்தத் தேதிதான் உதவும்.

வேணும்னே இழுத்தடிச்சிட்டு, லேட்டாயிடுச்சு தண்டனையைக் குறைங்கன்னு கேட்கிறது நியாயமா?

கைதி மனுமேல் மனு போட்டு இழுத்த காலத்தைக் கோர்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசு காரணமில்லாமல் கோப்பை மேசையில் வைத்திருந்த காலத்தைத்தான் பார்க்கிறது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கு ஆயுளானது இந்தக் காரணத்துக்காகவும் மனநோயைக் கருதியும்தான். ராஜீவ் வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டு கிடந்தன. அவர்கள் தூக்கும் அடுத்த மாதமே ரத்தாயிற்று.

அதே தீர்ப்பு இன்னொரு முக்கியமான விதியையும் தந்தது. மனு தள்ளுபடியானதை எழுத்தில் தெரிவித்து, அதன் பிறகு குறைந்தது 14 நாள் இடைவெளி விட்டே தூக்கிலிட வேண்டும். குடும்பத்துக்கும் முன்பே தகவல் போக வேண்டும். முந்தைய ஆண்டு பிப்ரவரி 9 சனிக்கிழமை காலை அப்சல் குரு தூக்கிலிடப்பட்டார். குடும்பத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய தகவல் காஷ்மீரில் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை.

சிங்கப்பூரைப் பாருங்க, கடுமையா இருக்கிறதால எவ்வளவு ஒழுங்கா இருக்கு?

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2022 ஏப்ரல் 27 அன்று அங்கே தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் மலேசியத் தமிழர். தொடையில் கட்டிக் கொண்டுவந்தது 42.72 கிராம். அறிவுத்திறன் அளவு (ஐக்யூ) 69 என்று மதிப்பிட்டிருந்தார்கள். சரக்கை அனுப்பிய முதலாளிகள் இப்படிக் கயிற்றில் தொங்குவதில்லை. சுமந்து வரும் ஏழைதான் தொங்குகிறார். பக்கத்திலேயே மலேசியா 2023இல் கட்டாயத் தூக்கை நீக்கியது. இலங்கையில் சட்டம் இருந்தும் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. உலகில் 110க்கும் மேற்பட்ட நாடுகள் முற்றாக ஒழித்துவிட்டன.

சாதாரண ஆளு நான் என்ன செய்ய முடியும்?

முதலில், கடைசி வாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். நாள் குறித்த பிறகு மெழுகுவத்தி ஏற்றுவதும் கையெழுத்து இயக்கமும் சில சமயம் பலன் தரும். 2011 ஆகஸ்ட் 30 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதும், அன்றே சென்னை ஐகோர்ட் மூவர் தூக்குக்குத் தடை தந்ததும் மக்கள் எழுந்ததால் வந்த சூழலில்தான். ஆனால் பெயர் தெரியாத கைதிக்கு ஊர் திரளாது. அவரைக் காப்பாற்றுவது செஷன்ஸ் கோர்ட்டில் ஏறும் காகிதம். உங்கள் மாவட்டத்தில் தூக்கு வரக்கூடிய வழக்கு நடந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், யார் வக்கீல், அவருக்குப் பத்தாண்டு அனுபவம் உண்டா என்று கேளுங்கள்.

பிரச்சாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் சில. வழக்குக் கட்டைப் படிக்காமலே ‘நிரபராதி’ என்று போஸ்டர் அடிப்பது: ஒன்று பொய்யென்று தெரிந்தாலும் மற்ற எல்லா வழக்கிலும் நம் பேச்சு எடுபடாது. கைதியிடம் கேட்காமல் அவர் கதையைப் பத்திரிகைக்குக் கொடுப்பது: சிறைக்குள்ளே அதன் விளைவை அனுபவிப்பவர் அவர். இறந்தவர் பெயரைச் சொல்லாமலே கூட்டத்தை முடிப்பது: அந்தக் குடும்பம் அதே ஊரில்தான் இருக்கிறது. நீதிபதியைத் திட்டுவது: தீர்ப்பை விமர்சிக்கலாம், உள்நோக்கம் கற்பித்தால் அவமதிப்பு வழக்கு வரும்.

கைதியின் வீட்டுக்குப் போனால் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு எவ்வளவு பழையதானாலும், ரேஷன் கார்டு, வேலை பார்த்த இடத்தின் கூலிச் சீட்டு. அம்மாவிடம் பேறுகாலம் எப்படி இருந்தது, பிள்ளை எப்போது பேசினான், வலிப்பு வந்ததுண்டா என்று கேளுங்கள். ஒரே தடவையில் சொல்ல மாட்டார்கள். மூன்று நான்கு முறையாவது போக வேண்டியிருக்கும். அசலை வீட்டிலேயே விட்டுவிட்டு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வக்கீலிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.